ஃப்ரிட்ஜின் மேல் தட்டு

திருச்சுழி
18-1-1998

என் அருமை மருமகன் மாதவனுக்கு,

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சோடாக்கடை என்னும் சாம்ராஜ்யத்தை ஆண்டுவரும் உன் தாய்மாமன் காசிராஜன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அத்தை ஆவுடைத்தாயும் சோடா மெஷினும் சுகம். பாலவனத்தத்தில் உன் அம்மா சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை. பொங்கலுக்கு நீ வரவில்லையே! உனக்காக அவித்த பனங்கிழங்கு மலையாகக் குவிந்து, அதன்மேல் ஏறி நின்றால் மதுரைக் கோபுரம் தெரிந்தது. அப்போதும் நீ தெரியவில்லை.

இங்கே ஒரு மகத்தான சம்பவம். கடைக்கு ஃப்ரிட்ஜு வாங்கிவிட்டேன். ஆள் உயரம், மூன்று தட்டு. நேற்று நான் கதவைத் திறந்ததும் எம்.ரெட்டியபட்டியில் ஆடுகள் நடுங்கியதாகத் தகவல்.

சோடாவுக்கு எசன்ஸ் லோடு ஏற்ற மதுரைக்கு வந்த லாரிக்கார காளிராஜ் உன்னைப் பார்த்தானாம். "மாதவன் ஒட்டடைக்கம்பா ஆயிட்டான் அண்ணாச்சி. உச்சி வெயில்ல முழுக்கைச் சட்டைய மாட்டிக்கிட்டுத் திரியுறான்" என்றான். வெயிலில் முழுக்கை போடுகிறவன் ஒன்று பாங்கு மேனேஜர், இல்லை எதையோ மறைக்கிறவன். நீ பாங்கு மேனேஜர் ஆனதாகப் பேப்பரில் வரவில்லை.

உடம்பு இளைத்திருந்தால் இங்கே வா. நம் கம்பவுண்டர் மாதம் ஒரு சத்து ஊசி போடுகிறார். சந்தை நாளில் முப்பது பேர் வரிசையில் நிற்போம், முப்பது பேருக்கும் ஒரே ஊசி. போட்டுக்கொண்டு இறங்கினால் மாடே நம்மைப் பார்த்து வழிவிடும். ஆனால் நீ வரமாட்டாய். உனக்கு ஊசி என்றால் எமன். அய்யனார் கோயிலில் என் மடியில் வைத்து உனக்குக் காது குத்தியபோது நீ போட்ட கத்தல் மூன்று ஊருக்குக் கேட்டது. என் பட்டு வேட்டியை நனைத்தாய், என் பெருவிரலைக் கடித்தாய். தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பதில் போடு.

சோடாச் சக்கரவர்த்தி,
உன் தாய்மாமன் காசிராஜன்

---

மதுரை
3-2-1998

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாதவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அச்சாபீசில் காலண்டர் வேலை நெருக்கியதால் பொங்கலுக்கு வர முடியவில்லை. சட்டைக்கையைத் தையல்காரன் நீளமாக வைத்துவிட்டான், வேறொன்றுமில்லை.

ஃப்ரிட்ஜ் வாங்கியதில் மிகவும் சந்தோஷம். மேல் தட்டில் எப்போதும் சாமான் இருக்குமா? திருச்சுழியில் கரண்டு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போகிறது?

அம்மாவிடம் நான் நலம் என்று சொல்லவும்.

தங்கள்,
மாதவன்

---

திருச்சுழி
9-2-1998

மாப்பிள்ளைக்கு,

மாமன் சுகம், மெஷின் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை நீ விசாரித்தாய் என்றதும் அவள் உருகிவிட்டாள். நான் உருகவில்லை. உன் கடிதத்தைப் பதினேழு தடவை படித்தேன். பதினேழு தடவையும் நாறுகிறது.

புது வருஷம் பிறந்தபிறகு எந்த அச்சாபீசில் காலண்டர் வேலை? அது கிடக்கட்டும். மருமகன் மாமனிடம் பெண் கேட்பான், கைமாத்து கேட்பான். கரண்டு எத்தனை மணி நேரம் போகும் என்று எவனாவது கேட்பானா? நீ மின்சார மந்திரியா?

நானும் யோசித்து மூன்று முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒன்று, அருப்புக்கோட்டைக் கலர் சோடாக் கம்பெனிக்காரன் உன்னைக் கையில் போட்டுக்கொண்டு என் கடையை உளவு பார்க்கிறான். இரண்டு, நீ மதுரை மல்லியைப் பதுக்கிக் கப்பலேற்றும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய். மூன்றாவதை அத்தை எழுதக்கூடாது என்கிறாள். அதில் ஒரு பொம்பளைப்பிள்ளை வருகிறது.

எது என்று எழுது. மூன்றும் என்றால் ரிஜிஸ்டர் தபாலில் எழுது.

காசிராஜன்

பின்குறிப்பு: கரண்டு தினம் இரண்டு மணி நேரம் போகிறது. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

---

மதுரை
20-3-1998

மாமா அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நலம். நீங்களும் அத்தையும் நலமென நம்புகிறேன்.

நீங்கள் எழுதிய மூன்றும் இல்லை. ஒரு உதவி வேண்டும். உங்கள் ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் ஒரு சின்ன டப்பா வைக்க இடம் வேண்டும், ஒரு வருஷத்துக்கு. ஐஸ் உறையும் பெட்டியில் வைக்கக்கூடாது. வெளியிலும் இருக்கக்கூடாது. கரண்டு போனால் ஐஸ்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டிக்கு மாற்ற வேண்டும். யாரும் திறந்து பார்க்க வேண்டாம்.

என்ன என்று கேட்காமல் சரி என்று சொல்ல முடியுமா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

மாதவன்

---

திருச்சுழி
2-4-1998

மர்ம மருமகனுக்கு,

இங்கு அனைவரும் சுகம். நான் மட்டும் தூக்கமில்லாமல் சுகம்.

திறக்கக்கூடாத டப்பா. அம்மாவுக்குத் தெரியக்கூடாத டப்பா. உறையவும் கூடாது, சுடவும் கூடாது. உள்ளே இருப்பது என்ன, நாகரத்தினமா? வெடிமருந்து என்றால் சிவகாசிக்காரனே பத்திரமாக வைப்பான், என்னிடம் ஏன் வருகிறாய்?

எனவே ஒற்றனை அனுப்பினேன். காளிராஜ் இரண்டு செவ்வாய்க்கிழமை உன் பின்னால் வந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சாயங்காலமானா ஒரு சைக்கிள் கடை மாடிக்கு ஒல்லி ஒல்லியா ஆளுக ஏறுறாக அண்ணாச்சி. நம்ம மாதவன்தான் சந்து சந்தாப் போயிக் கூட்டியாறான். ஏறும்போது கைய வீசிக்கிட்டு ஏறுறவன், இறங்கும்போது ஒரு கைய மடக்கிப் பிடிச்சிக்கிட்டே இறங்குறான். ஒருத்தன் விடாம எல்லாரும் அப்படித்தான்."

"ஏலே, அப்படின்னா என்னலே அர்த்தம்?" என்றேன்.

"ஏதோ கையில சத்தியம் வாங்குற கூட்டம் போல அண்ணாச்சி. எனக்குப் பயமாப் போச்சு, ரெண்டு வடையத் தின்னுட்டு வந்துட்டேன்" என்றான்.

இன்னொன்று. போன தீபாவளிக்கு நீ வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்ததாம். உன் அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததற்கு, வாங்கி வாழைமரத்தடியில் கொட்டிவிட்டாயாம். அந்த வாழை இப்போது ஜோராகக் குலை தள்ளியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

மேல் தட்டு காலியாகத்தான் இருக்கிறது. உண்மை வராமல் உன் டப்பா வராது.

காசிராஜன்

---

திருச்சுழி
28-4-1998

மாதவனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து தபால் இல்லை. உன் அச்சாபீஸ் முதலாளிக்கு எழுதிக் கேட்டேன். நீ வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது என்று ஒரு கார்டு போட்டிருக்கிறார். கடைசி வரியில், "கூட இருந்தவர்களும் சரியில்லை, பையன் உடம்பும் சரியில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அந்தக் கார்டை உன் அம்மாவிடம் காட்டவில்லை. ஆவுடைத்தாயிடமும் காட்டவில்லை. நாற்பது வருஷத்தில் நான் அவளிடம் மறைக்கிற முதல் காகிதம் அது.

இதில் வேடிக்கையாக எழுத எனக்கு எதுவும் வரவில்லை. ஏலே, என்னதான் செய்கிறாய் நீ?

காசிராஜன்

---

மதுரை
6-5-1998

மாமா,

நலம் விசாரித்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஊசி போட்டேன். வலிக்குக் கொடுக்கும் மருந்து, போதைக்குப் போடுவது. ஏதாவது அடிபட்டது, அந்த வலியில் பழகிவிட்டது என்று எழுதலாமென்று பார்த்தேன். பொய். சும்மாதான் போட்டேன். ஊசியைக் கண்டால் ஓடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு இருளப்பசாமியிடம் கையை நீட்டினேன். அவர் நரிக்குடிப் பக்கத்து ஆள், அச்சாபீசில் என்னோடு பைண்டிங் செய்தவர். ஒரு ஊசி, நான்கு பேர். இரண்டு வருஷம். விட்டு இப்போது ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. சட்டைக்கை நீளமானதற்குத் தையல்காரன் காரணமில்லை.

அந்த ஊசி வழியாக ஈரலைத் தின்கிற ஒரு கிருமி வந்திருக்கிறது. காமாலைக்குப் பங்காளி, ஹெபடைடிஸ் சி என்று பெயர். எனக்குக் கண் மஞ்சளானது. நிறையப் பேருக்கு அதுகூட ஆகாது, இருபது வருஷம் கழித்து வயிறு வீங்கும்போதுதான் தெரியுமாம். கீழாநெல்லிக்கு இது அடங்காது. அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாமல்தான் வாழைக்கு ஊற்றினேன்.

பரிசோதனைக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எட்டுப் பேர் போனோம். வாசலில் இருந்தவன் கையைப் பார்த்துவிட்டு, "ஊசிக் கேஸா? ஓரமா நில்லு" என்றான். பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டான். ரத்தம் எடுக்குமுன்பே ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். எனக்கு நரம்பு கிடைக்காமல் ஏழு இடத்தில் குத்தினார்கள். எந்த நரம்பில் ரத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், யாரும் கேட்கவில்லை.

அங்கே இருந்த டாக்டர் சரஸ்வதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க இங்க வரமாட்டாங்கன்னா நாம அங்க போவோம்" என்று சைக்கிள் கடை மாடியை வாடகைக்குப் பிடித்தார். காளிராஜ் பார்த்தது அதைத்தான். பெயர் கேட்பதில்லை, நம்பர்தான். முகத்தையும் பார்ப்பதில்லை. "எந்த நரம்புப்பா?" என்று அவர்களையே கேட்கிறோம். ரத்தம் கொடுத்தவன் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு இறங்குவான். அடுத்த செவ்வாய் முடிவு தெரியும். முன்பு எட்டுக்கு மூன்று பேர் நின்றார்கள். இப்போது பத்துக்கு ஒன்பது பேர் திரும்பி வருகிறார்கள். கூட்டிவருவதுதான் என் வேலை.

மருந்து இருக்கிறது. அதுவும் ஊசிதான். வாரம் மூன்று, ஒரு வருஷம். நம்மால் வாங்க முடியாத விலை. டாக்டர் யாரிடமோ கேட்டு நான்கு பேருக்கு வாங்கி வைத்திருக்கிறார். "போதை ஊசி போட்டவன் கையில் ஊசியையும் மருந்தையும் கொடுப்பதா?" என்று மற்ற டாக்டர்கள் சண்டை. அதனால் நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், மருந்தைக் குளிரில் அவரே வைத்திருக்க வேண்டும், அவர் கையாலேயே போட வேண்டும். அம்மா வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. அம்மாவிடம் சொல்லவும் என்னால் முடியாது.

போட்டாலும் பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் முழுதாகக் குணமாகும் என்கிறார். அதையும் மறைக்கவில்லை.

டப்பாவில் இருப்பது இதுதான், மாமா.

மாதவன்

---

மதுரை
5-6-1998

மாமா அவர்களுக்கு,

ஒரு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. எனக்குப் புரிகிறது. கடை நாலு பேர் குடிக்கிற இடம். நான் உங்கள் நிலையில் இருந்தாலும் யோசிப்பேன்.

டாக்டர் 15ஆம் தேதிவரை எனக்காகக் காத்திருப்பார். அதற்குப் பிறகு என் முறை அடுத்தவருக்குப் போகும். இருளப்பசாமிக்கும் கிருமி இருக்கிறது. கையெழுத்துப் போட அவருக்கும் ஆளில்லை. வீட்டில் அடித்து விரட்டி வருஷமாகிறது. எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காவது அந்தத் தட்டைத் தர முடியுமா? அவரை உங்களுக்குத் தெரியாது. என்மேல் இருக்கிற கோபம் அவர்மேல் இருக்காது என்று நினைத்துக் கேட்கிறேன்.

மாடியில் வேலை நடக்கிறது. போன செவ்வாய் ஒரு பெரியவர் வந்தார். தலையோடு துண்டைப் போர்த்தியிருந்தார், வாயே திறக்கவில்லை. நம்பர் பதினான்கு. கால் நடுங்கியது. பஞ்சை வைத்துக் கையை மடக்கி விட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு டீ குடித்தார். இந்த வயதில் இவருக்கு யார் இருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை முழங்காலுக்குத் தைலம் தடவுகிறார்களா?

மாதவன்

---

திருச்சுழி
10-6-1998

என் மருமகன் மாதவனுக்கு,

நம்பர் பதினான்கு எழுதுவது.

ஆம். நான்தான். டீயில் சர்க்கரை குறைவு.

நீ எழுதியதைப் படித்த அன்று ஃப்ரிட்ஜைப் பூட்டிவிட்டேன். அப்புறம் சாவியைத் தொலைத்துவிட்டேன். அப்புறம் நானே பூட்டை உடைத்தேன். மூன்று வாரம் இப்படி ஓடியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டு மாதம் காலண்டர் அடித்தவன் சொல்வதை எப்படி நம்புவது? இன்னும் ஊசி போடுகிறான், மருந்து டப்பாவென்று வேறெதையோ என் தட்டில் வைத்துப் பிழைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க நானே மதுரைக்குப் புறப்பட்டேன்.

முதலில் டாக்டரம்மா பெயரைச் சொல்லி விசாரித்து, நீ சொன்ன அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகிற வழியில் பஸ் கம்பியில் கை உரசி ரத்தம் வந்திருந்தது. "தம்பி, இங்கன ஈரல் ரத்தம் பார்க்கிறது எங்க?" என்று கேட்டேன். வாசலில் இருந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். "ஊசிக் கேஸா? ஓரமா நில்லு பெருசு" என்றான். மூன்று தாலுகாவுக்குக் கலர் சப்ளை செய்கிறவனை! என் சோடாவைக் குடித்து ஏப்பம் விட்ட சத்தத்தில் சட்டசபையே ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல நினைத்தேன். ஓரமாக நின்றேன். கால் மணி நேரம் நின்றேன், மாப்பிள்ளை. எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் உன் முழுக்கைச் சட்டை ஞாபகம் வந்தது.

அங்கிருந்து சைக்கிள் கடைக்கு வந்தேன். எதிரே நின்று ஒளிந்து பார்ப்பதாகத் திட்டம். துண்டைத் தலையில் போட்டேன். நீ யாரையோ கூட்டி வந்தவன் என்னையும் பார்த்து, "பயப்படாம மேல வாங்கய்யா" என்று சொல்லிக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாய். முகத்தைப் பார்க்கவில்லை. உன் சட்டம் அப்படி. பேசினால் மாட்டிக்கொள்வேன் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் பிறந்ததிலிருந்து முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

என் கண்ணெதிரே புது ஊசியின் உறையைக் கிழித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு நம் கம்பவுண்டர் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது பேருக்கும் ஒரே ஊசி என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே! நீ நான்கு பேரோடு இரண்டு வருஷம். நான் முப்பது பேரோடு பன்னிரண்டு வருஷம். கால் நடுங்கியது அதற்குத்தான்.

அடுத்த செவ்வாய்வரை ஏழு நாள். அதை மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை, ஏழு நாள்தான். அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறாம் நாள் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், உன்னுடையதையும் சேர்த்து. அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப இத்தன நாளா அந்தத் தட்டுல என்னத்தய்யா வச்சிருக்கீக?"

நேற்று நீ வருமுன்பே போய் முடிவைக் கேட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. டாக்டரம்மாவிடம் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு யாரென்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க மருமகனை நம்புறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது. நம்புறேன்னு வர்றவங்க ரெண்டாவது வாரம் டப்பாவில குப்பியை எண்ணுறதில்ல" என்று கையெழுத்துப் போடும் பாரத்தை எடுத்து நீட்டினார்.

உறவு என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. தாய்மாமன் என்று எழுதினேன். பிறகு இருளப்பசாமிக்கும் ஒரு பாரம் கேட்டேன். அதிலும் தாய்மாமன் என்று எழுதினேன். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி, "ரெண்டு பேருக்குமா?" என்றார். "எங்க பக்கம் தாய்மாமன் இல்லாத பிள்ளையே கிடையாது டாக்டரம்மா. செத்திருந்தா வேற ஒருத்தர் மடியில வச்சாவது காதுகுத்திருவோம்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஊசி போடவும் சொல்லிக் கொடுத்தார்கள், ஆரஞ்சுப் பழத்தில். வீட்டுக்கு வந்து கத்திரிக்காயில் பழகினேன். நாற்பது கத்திரிக்காய். அவ்வளவும் ஓட்டையோடு குழம்பாகி, சாப்பிட்ட காளிராஜ், "என்னண்ணாச்சி, எல்லாம் பூச்சிக் காயா வாங்கியிருக்கீக" என்றான்.

மருந்தை ஐஸ் டப்பாவில் வைத்து, அவன் லாரியில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அவனைத் திட்டிய திட்டில் ரோடே சமமாகியிருக்கும். மேல் தட்டு உனக்கு, நடுத் தட்டு இருளப்பசாமிக்கு. கலரெல்லாம் தண்ணித் தொட்டியில் கிடக்கிறது. கேட்டவனிடம் தொட்டிக் கலர்தான் ராஜாக்கள் குடித்தது என்று சொல்லிவிட்டேன்.

சந்தேகம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இரண்டு பேரும் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு குப்பி குறைந்தாலும் தலைகீழாகக் கட்டிவிடுவேன். அத்தை இரண்டு பேருக்கும் அரைக்கைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். பத்தில் இரண்டு பேருக்குத்தான் குணமாகும் என்று எழுதியிருந்தாய். நீங்கள் சரியாக இரண்டு பேர். மீதி எட்டுப் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இருளப்பசாமியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. பட்டு வேட்டியைக் கட்டமாட்டேன், அனுபவம் இருக்கிறது. முதல் ஊசி உனக்கு. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்காரக்கூடாது. அப்படி உட்கார்ந்துதான் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் போனது. வலித்தால் கத்து. மூன்று ஊருக்குக் கேட்கட்டும்.

உன் தாய்மாமன்